தென்காசியில் ஒரு காகிதப் புதையல்



தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கத் தொடங்கிவிட்டால், தென்காசிப் பக்கம் வரும் விருந்தினர் அனைவரும் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அருவியில் தண்ணீர் விழுகிறதா?" பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் ஆசை தீரக் குளித்துவிட்டு, பிள்ளைகளுக்கு மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிக்கொடுத்து ஊர் திரும்பிவிடுகிறார்கள். நானும் பல ஆண்டுகளாக அவ்வாறே செய்து வந்தவன்தான். சென்ற சாரலின்போது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின் குற்றாலம் சென்றேன். அருவியில் வெள்ளம் பெருகிக் குளிக்கத் தடை விதித்திருந்தார்கள். வெறுங்கையோடு திரும்ப மனமின்றித் தென்காசியில் ஒரு நண்பரின் இல்லத்துக்குச் சென்றேன். அங்கே கண்டதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நண்பர் இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பழம்பொருள் சேகரிப்பவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். சேகரிப்பு என்றதும் உங்களுக்கும் நாணயம்தானே நினைவுக்கு வரும்? "எத்தனை நாட்டு நாணயம் வைத்திருக்கிறீர்கள் பாய்?" என்று கேட்டேன்.

சிரித்தார். "நாணயத்தை யாரும் குப்பையில் போடமாட்டார்கள் ஹஜ்ரத். குப்பைக்குப் போகிறதைத்தான் நான் எடுத்து வைக்கிறேன்" என்றார்.

முதலில் வந்தது பிஸ்கட் டப்பா. உள்ளே அடுக்கடுக்காகப் பழைய அட்டை டிக்கெட்டுகள். இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்ற இரயில்வே எழுத்தர் கண்டறிந்த முறை அது. ஏறத்தாழ இரண்டேகால் அங்குல நீளமுள்ள தடித்த அட்டை. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண். கணினி வந்த பின் அது மறைந்துவிட்டது. 1904-இல் திறக்கப்பட்ட செங்கோட்டை - புனலூர் மீட்டர்கேஜ் பாதை 2010-இல் மூடப்பட்டு, 2018-இல் அகலப்பாதையாக மீண்டது. பழைய பாதையின் நிலையங்கள் ஒவ்வொன்றின் பெயரும் அந்த டப்பாவுக்குள் இருக்கின்றது. சிவகாசித் தீப்பெட்டிப் படங்களும் ஒரு நோட்டு நிறைய இருந்தன. அவற்றை நான் அவசரமாகத்தான் புரட்டினேன்.

என்னை உட்கார வைத்தது தபால்தலை ஆல்பம். தபால்தலை சேகரிப்பவர் உலகெங்கும் உண்டு. ஆனால் தென்காசிக்காரருக்கு வாய்த்த பாக்கியம் மற்றவர்க்கு இல்லை. எப்படி என்கிறீர்களா? இங்கிருந்து ஐந்து கல் தொலைவில் உள்ள செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை தமிழகத்தில் இல்லை. அது திருவிதாங்கூரோடு இருந்தது. அந்த சமஸ்தானத்துக்கு 'அஞ்சல்' என்ற பெயரில் சொந்தத் தபால் துறையே இருந்தது. 1888-இல் சங்குச் சின்னம் பொறித்த தலைகளை அது வெளியிட்டது. விலை அணாவில் அன்று, சக்கரத்தில்! 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு ரூபாய். செங்கோட்டைக்காரர் திருவனந்தபுரத்துக்கு எழுதினால் சங்குத் தலை. கண்ணுக்கெட்டும் தூரத்துத் தென்காசிக்கு எழுதினாலோ இந்தியத் தபால்தலை. 1951-இல் அஞ்சல் துறை இந்தியத் தபாலோடு இணைந்துவிட்டது. "தலையைக் கிழித்தெடுத்து ஒட்டுவது சிறுபிள்ளை வேலை. உறையோடு, முத்திரையோடு இருந்தால்தான் அது சரித்திரம்" என்றார் நண்பர்.

செடி கொடியைச் சேகரித்தவர்களும் இந்த மலைக்கு வந்திருக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வைட் 1830-களில் குற்றாலத்தில் தாவரங்களைப் பறித்து உலர்த்தித் தாளில் ஒட்டி வைத்தார். ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்கள் அவருக்காக வரைந்தார்கள். குற்றாலத்தின் பெயர் எழுதிய அந்த உலர்ந்த செடிகளை இலண்டன் கியூ தோட்டத்தின் தாவரக் காப்பகத்தில் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நமக்கு அது களை. அவர்களுக்கு அது சான்று!

அப்படியானால் நம்மவர் யாருமே இல்லையா என்று வருந்த வேண்டாம். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர் ரோஜா முத்தையா. பழைய நூல்கள், இதழ்கள் மட்டுமல்லாமல், நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்பிதழ்களையும் கூட அவர் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் காலமானார். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, அதைக் கடல் கடத்தாமல் சென்னையிலேயே நூலகமாக அமையச் செய்தது. இன்று தமிழ் ஆய்வாளர் பலரும் அங்கே செல்கிறார்கள்.

நண்பரும் அழைப்பிதழ்கள் வைத்திருந்தார். எல்லாம் நம் சமுதாயத்து நிக்காஹ் அழைப்பிதழ்கள். மேலே 786, கீழே ஹிஜ்ரி தேதி, அதற்கும் கீழே அழைப்பவரின் கடை முகவரி. கொழும்பு, இரங்கூன், பினாங்கு! எந்தக் குடும்பம் எந்தக் கடலைத் தாண்டிப் பிழைத்தது என்பதற்கு, பல வீடுகளில் வேறு எழுத்துச் சான்று ஏது? இப்போதெல்லாம் அழைப்பு கைப்பேசியில் வந்து, மறுநாள் அழிக்கப்பட்டும் விடுகிறது.

கடைசியாக அவர் காட்டிய பெட்டி ஏறக்குறையக் காலியாக இருந்தது. "அரபுத் தமிழுக்காக வைத்த பெட்டி. பத்து வருஷமாகத் தேடுகிறேன், நாலு தாள்தான் கிடைத்தது" என்றார்.

வாசகர்களே, அந்தப் பெட்டியைக் கண்டதும் என் முகம் வாடியது. அரபு எழுத்தில், தமிழுக்கே உரிய ஓசைகளுக்குப் புள்ளிகள் கூட்டி எழுதப்பட்ட தமிழ் அது. தமிழ் எழுத்து அறியாத நம் பாட்டிமார், குர்ஆன் ஓதப் பழகிய கண்ணால் அதை வாசித்தே மார்க்கம் அறிந்தார்கள். கீழக்கரை இமாமுல் அரூஸ் அவர்களின் 'மகானி' அவ்வாறு வந்த நூல். தைக்கா ஷுஐப் ஆலிம் அவர்கள் 1993-இல் வெளியிட்ட பெருநூலைப் பார்த்தால் எவ்வளவு பெரிய செல்வம் அது என்று விளங்கும்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் மதரஸாவில் பழைய தாள்கள் மூன்று சாக்கு சேர்ந்திருந்தன. பழுதடைந்த முஸ்ஹஃபைத் தூய துணியில் சுற்றிக் கால் படாத இடத்தில் அடக்குவதும், ஓடும் நீரில் விடுவதும் நம் வழக்கம். அந்தச் சாக்குகளோடு என் பாட்டியாரின் தகரப் பெட்டியிலிருந்த நூல்களையும் சேர்த்துக் கட்டி, மாணவர்களை உடன் அழைத்துச் சென்று, குற்றால மலையிலிருந்து எங்கள் ஊர் வழியே ஓடும் சிற்றாற்றில் நானே விட்டேன். பிஸ்மில்லாஹ் என்று தொடங்கும் தாள் காலில் படக்கூடாதே என்ற பயபக்திதான் காரணம். கணக்கு நோட்டும் கடிதமும் கூட அதில் இருந்திருக்கும்.

இதை நண்பரிடம் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "கட்டுவதற்கு முன்னால் பிரித்துப் பார்த்தீர்களா ஹஜ்ரத்?" என்று மட்டும் கேட்டார்.

பார்க்கவில்லை. அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் அன்று எங்கள் மதரஸாவில் நான் ஒருவனே.

இப்போது மதரஸாவுக்கு வரும் தாள்கள் மாடி அறையில் தங்குகின்றன. மறையின் ஏடுகளைப் பிரித்து, உரிய மரியாதையோடு அடக்கம் செய்கிறோம். மற்றவற்றை விரித்து உலர்த்தி, ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். இதுவரை இரண்டு நிக்காஹ் அழைப்பிதழ்கள், கொழும்புக் கடை இரசீது ஒன்று, முன்பக்கமும் பின்பக்கமும் இல்லாத அரபுத் தமிழ் நூல் ஒன்று கிடைத்திருக்கின்றன. நூலின் பெயரும் தெரியவில்லை, எழுதியவர் பெயரும் தெரியவில்லை. தொழுகையின் பர்ளுகளைக் கேள்வி பதிலாகச் சொல்கிறது. நண்பருக்கு அந்த எழுத்து வாசிக்க வராது. ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் அஸருக்குப் பின் தென்காசி சென்று நான் வாசிக்க, அவர் தமிழில் எழுதுகிறார். பன்னிரண்டு பக்கம் முடிந்திருக்கிறது. கரையான் அரித்த வரிகளுக்கு மட்டும் இடம் விட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். அதே நூலின் இன்னொரு படி எவர் வீட்டுப் பரணிலாவது இருக்கக்கூடும்.