எனக்குப் பிடித்த ஏழரை



தலைப்பைப் பார்த்ததும் சனீஸ்வர பகவானைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இது 3000 மீட்டர் ஓட்டத்தைப் பற்றியது. பெரிய மைதானத்தில் ஒரு சுற்று 400 மீட்டர். ஏழு சுற்று ஓடினால் 2800 மீட்டர்தான் வரும். மீதி 200 மீட்டருக்கு அரைச் சுற்று. ஆக மொத்தம் ஏழரைச் சுற்று. அதனால்தான் இந்த ஓட்டம் முடிகிற கோட்டில் ஆரம்பிக்காது. மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில் ஆரம்பிக்கும். நான் 3000 மீட்டருக்குப் பெயர் கொடுத்த அன்றைக்கு, "உனக்கு ஏழரை பிடிச்சிருச்சுடி" என்று வகுப்பே சிரித்தது. "ஆமாம், எனக்கு ஏழரையைப் பிடிச்சிருக்கு" என்று நானும் சொல்லிவிட்டேன்.

போன வருடம் வரை நான் 14 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு. அதில் 600 மீட்டரோடு சரி. இந்த வருடம் 17 வயதுக்கு உட்பட்டோர் பிரிவுக்கு வந்துவிட்டேன். இதில் 800, 1500, 3000 எல்லாம் உண்டு. பி.டி. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு வேகம் கொஞ்சம் கம்மி. ஆனா ஓட ஆரம்பிச்சா நிக்கவே மாட்டேங்கிற. உனக்கு 3000தான் சரி" என்று சொன்னார். அது பாராட்டா கிண்டலா என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

நம் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டால் ஒரு சுற்று 200 மீட்டர்தான் வருகிறது. ஆகவே 3000 மீட்டருக்கு 15 சுற்று. டீச்சர் ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஒரு சுற்றுக்கு 50 விநாடி. 15 சுற்றுக்கு 750 விநாடி. அதாவது பன்னிரண்டரை நிமிடம். முதல் சுற்றும் 50, கடைசிச் சுற்றும் 50. கேட்கும்போது சுலபமாக இருக்கும். ஓடிப் பாருங்கள், முதல் சுற்றை 50 விநாடியில் ஓடுவதுதான் கஷ்டம். உடம்பு புதுசாக இருக்கும், கால் தானாக 42, 43-க்குப் போகும். அப்படிப் போனால் பத்தாவது சுற்றில் 58, 60 என்று ஆகிவிடும். முன்னால் மிச்சம் பிடித்த விநாடியை எல்லாம் பின்னால் வட்டியோடு கட்ட வேண்டும்.

சனி, ஞாயிறு காலையில் கண்மாய் ரோட்டில் ஓடுவேன். தம்பி சைக்கிளில் பின்னாலேயே வருவான். அதற்கு அவனுக்குக் கடலை மிட்டாய் தரவேண்டும். அந்த ரோட்டில் சுற்று கிடையாது. அதனால் டீச்சர் ஒருநாள் டேப் வைத்து கரண்டுக் கம்பங்களை அளந்தார். கோயிலில் இருந்து கலுங்கு வரை 16 கம்பம், 800 மீட்டர். நாலு கம்பம் ஒரு சுற்று மாதிரி. நாலு கம்பத்துக்கு 50 விநாடி. டீச்சர் தன்னுடைய பழைய டிஜிட்டல் வாட்சையும் எனக்குக் கொடுத்துவிட்டார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பெற்றோர் ஒப்புதல் கடிதம் வந்தது. குறுவட்டப் போட்டிக்குப் போக வேண்டுமானால் வீட்டில் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அப்பா வெளியூரில் வேலை பார்ப்பதால் எங்கள் வீட்டில் கையெழுத்து பெரியப்பாதான் போடுவார். அப்பத்தா கடிதத்தைப் பார்த்துவிட்டு, "வயசுக்கு வந்த பொம்பளப் புள்ளைக்கு எதுக்குத்தா இம்புட்டுத் தூரம்? நூறு மீட்டர் ஓடு, அம்பது மீட்டர் ஓடு. ஏழரைச் சுத்து ஓடுனா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்றது.

இதை டீச்சரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. உலகமே ஒரு காலத்தில் உங்கள் அப்பத்தா மாதிரிதான் பேசியது என்று ஒரு வரலாறு சொன்னார். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் ஓடி உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். ஆனால் பத்திரிகைகள் அதை விட்டுவிட்டு, ஓடி முடித்த பெண்கள் களைத்து விழுந்ததைப் பெரிதாக எழுதின. ஓடி முடித்த ஆண்களும்தான் விழுவார்கள், அதை யார் எழுதினார்கள்? அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேல் ஓட்டமே இல்லை. 1960-இல் ரோமில்தான் 800 மீட்டர் திரும்பி வந்தது. 32 வருடம்! 1972-இல் 1500 மீட்டர் வந்தது. 3000 மீட்டரும் மாரத்தானும் 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில்தான் வந்தன. அதாவது என் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்த காலம் வரைக்கும் இந்த ஏழரை பெண்களுக்குக் கிடையாது.

இன்னொன்றும் சொன்னார். நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்த சூர்யா அக்கா 2016-இல் குவாஹாத்தியில் நடந்த தெற்காசியப் போட்டியில் 5000 மீட்டர், 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கியவர். 10000 மீட்டர் என்றால் 25 சுற்று! நம் மாவட்டத்தின் லட்சுமணன் அண்ணனும் 2017-இல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் அதே இரண்டு ஓட்டத்திலும் தங்கம் வாங்கினார். நீண்ட ஓட்டம் நம் செம்மண்ணுக்குப் புதிது இல்லை.

நான் இவ்வளவையும் வீட்டில் ஒப்பித்தேன். பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார். கடைசியில், "அதெல்லாம் சரித்தா. ஆடித் திருவிழாவுல பொண்ணுகளுக்கு ஓட்டம் வச்சிருக்காங்க. அதுல முதல்ல வா. கையெழுத்துப் போடுறேன். உள்ளூர்ல ஜெயிக்காதவ வெளியூருக்குப் போயி என்ன பண்ணப் போற?" என்றார்.

திருவிழா ஓட்டம் கோயிலில் இருந்து கலுங்கு வரை போய்த் திரும்ப வேண்டும். 1600 மீட்டர். குறுவட்டப் போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் வந்தது. டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "நல்லதாப் போச்சு. கூட்டத்தோட ஓடிப் பழக இதைவிட நல்ல நாள் கிடைக்காது. போறப்ப உன் 50 விநாடியிலேயே போ. யாரு முன்னாடி போனாலும் போகட்டும். திரும்புறப்ப முடிஞ்சதை ஓடு. முடிச்சிட்டு அஞ்சு நிமிஷம் நட, தண்ணி குடி. அப்புறம் மீதி 1400 மீட்டரையும் அதே 50-ல ஓடி 3000 ஆக்கிடு. அது உனக்குப் பயிற்சி நாள். குடம் வாங்குற நாள் இல்ல" என்றார்.

முதல் பரிசு சில்வர் குடம். பெரியப்பா குடத்தைக் கொண்டு வா என்கிறார். டீச்சர் குடத்தைப் பார்க்காதே என்கிறார். கையெழுத்து பெரியப்பாவிடம் இருக்கிறது. வாட்ச் டீச்சருடையது. நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு இரவு தூக்கமே வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். முதலில் இருந்தே விழுந்து விழுந்து ஓடினாலும் குடம் எனக்குத்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. கல்லூரியில் கபடி ஆடுகிற அக்காமார்கள் எல்லாம் வருவார்கள். ஆனால் 50 விநாடி என் கையில் இருக்கிறது. அதை யாரும் என்னிடம் இருந்து வாங்க முடியாது.

திருவிழா அன்று காலையில் மாட்டுவண்டிப் பந்தயம். சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் ஓட்டம். 22 பேர் நின்றோம். தாவணி, சுடிதார், நைட்டி மேல் துண்டு என்று எல்லா உடையிலும் வந்திருந்தார்கள். விசில் அடித்ததும் எல்லோரும் வெடி போட்ட மாதிரி பறந்தார்கள். எனக்கும் கால் பறக்கத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். நாலாவது கம்பத்தில் வாட்சைப் பார்த்தேன். 49. எனக்குப் பின்னால் மூன்று பேர்தான். மைக்கில் ஒரு அண்ணன், "பின்னாடி வர்ற பாப்பா, டவுன் பஸ் மாதிரி ஒவ்வொரு கம்பமா நின்னு வராம கொஞ்சம் வேகமா வாம்மா" என்றார். ஊரே சிரித்தது. ரோட்டோரத்தில் பெரியப்பா நின்றார். அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

எட்டாவது கம்பம் 1 நிமிடம் 40. பன்னிரண்டாவது கம்பம் 2.30. அதற்குள்ளேயே முன்னால் பறந்தவர்களில் ஐந்தாறு பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கலுங்கில் திரும்பும்போது 3 நிமிடம் 19. நான் பதினாலாவது ஆள். அங்கே இருந்து நான் வாட்சைப் பார்க்கவில்லை. முன்னால் தெரிகிற முதுகை மட்டும் பார்த்தேன். ஒரு முதுகு, அடுத்த முதுகு என்று எண்ணிக்கொண்டே வந்தேன். பதினொரு முதுகைத் தாண்டினேன். மீதி இரண்டு முதுகு அகப்படவில்லை. 6 நிமிடம் 25 விநாடியில் மூன்றாவதாக வந்தேன். குடம் கபடி அக்காவுக்குப் போனது. எனக்கு டிபன் பாக்ஸ்.

ஐந்து நிமிடம் நடந்தேன். தண்ணீர் குடித்தேன். மேடையில் பரிசு கொடுக்க எல்லோரையும் கூப்பிட்டார்கள். நான் மறுபடியும் ரோட்டில் இறங்கி ஓட ஆரம்பித்தேன். "ஏ புள்ள, பரிசு வாங்காம எங்க ஓடுற?", "போட்டி முடிஞ்சு போச்சுத்தா!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குப் பாக்கி 1400 மீட்டர் இருந்தது. 14 கம்பம் போய், 14 கம்பம் திரும்பி வந்தேன். 50 விநாடிக் கணக்கில் 5 நிமிடம் 50 ஆகவேண்டும். 5 நிமிடம் 48 ஆனது. அந்தக் கடைசி நாலு கம்பத்தில்தான் எனக்கு ஏழரை என்னால் முடியும் என்று நிச்சயமாகத் தெரிந்தது. டிபன் பாக்ஸை எனக்குப் பதிலாகத் தம்பி மேடையேறி வாங்கி, எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு வந்திருந்தான்.

ராத்திரி சாப்பிடும்போது யாரும் பேசவில்லை. அப்பத்தாதான் முதலில் ஆரம்பித்தது. "குடம் வாங்கலையே" என்றது. பெரியப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ஆத்தா, பந்தயத்துல பூஞ்சிட்டுக்கு ஒரு தூரம், பெரிய மாட்டுக்கு ஒரு தூரம். பெரிய மாட்ட எடுத்த எடுப்புல வெரட்டுறவன் சாரதியே இல்ல. போறப்ப இழுத்துப் பிடிக்கணும். இவ போறப்ப பிடிச்சுப் போனா. வந்தவளுக எல்லாம் கோயில் வாசல்ல மூச்சு வாங்கிக் கெடந்தாளுக. இவ மறுபடியும் ஒரு நடை போயிட்டு வந்தா. இவ பெரிய மாடு ஆத்தா."

என்னை மாடு என்று சொன்னதற்கு நான் கோபப்படவில்லை. எங்கள் பெரியப்பா மாட்டுக்குக் கொடுக்கிற மரியாதையை மனுஷருக்குக் கொடுத்து நான் பார்த்ததில்லை. கை கழுவிவிட்டு வந்து, "அந்தக் காயிதத்தக் கொண்டா" என்றார். கையெழுத்துப் போட்டார். முழங்கால் தெரிய ஓடக்கூடாது, பேன்ட் போட்டுத்தான் ஓட வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டார். அதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். அப்பத்தா இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் மறுநாள் காலையில் நான் எழுந்தபோது ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணத்தில் இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

தோழிகளே, பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நீங்கள் நீண்ட தூரத்துக்குத் தயாராகிறவர்களாக இருந்தால், நடுவில் வருகிற சின்னப் பந்தயங்களில் உங்கள் கணக்கை ஓடிப் பாருங்கள். தனியாக ஓடும்போது 50 விநாடியைக் காப்பாற்றுவது சுலபம். 21 பேர் முன்னால் ஓடும்போது, மைக்கில் சிரிக்கும்போது, சொந்தப் பெரியப்பா பார்க்கும்போது காப்பாற்றினால்தான் அது நம்முடையது. இது பரீட்சைக்கும் பொருந்தும் என்று கணக்கு சார் சொல்வார். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரும் வியாழக்கிழமை குறுவட்டப் போட்டி. 100 மீட்டர் முடிந்ததும் எல்லோரும் ஐஸ் வாங்கப் போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். தயவு செய்து கொஞ்சம் இருங்கள். ஏழரை நீளமான ஓட்டம், பார்க்கிறவர்களுக்கும் பொறுமை வேண்டும். முதல் சுற்றில் நான் கடைசியில் வந்தால் கவலைப்படாதீர்கள், வாட்சைப் பாருங்கள். கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள். மணிச் சத்தம் கேட்டதும் நம் பள்ளியின் பெயரைச் சொல்லிக் கத்துங்கள். எனக்குக் கேட்கும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி
(டவுன் பஸ்)