பாரம் இறங்கிய பிறகு

எங்கள் வீட்டு அம்பாசடர் மார்க் 4, 1984-இல் உத்தரபாரா ஆலையிலிருந்து வந்த வண்டி. என் கைக்கு வந்தது 1996-இல். போன மாதம் வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் பின்பக்கம் ‘டொக்’கென்று சத்தம். நேர்ச்சாலையில்கூட வண்டியின் வால் லேசாக ஒதுங்கியது. ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றான் பேரன். நான் கடப்பாரையைக் கொடுத்துக் கமான் பட்டையின் முனையை மெல்ல நெம்பிக் காட்டினேன். பட்டை ஆடியது. அதைப் பிடித்திருந்த ரப்பர் புஷ் துகள் துகளாக உதிர்ந்தது.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைதான் அம்பாசடருக்குத் தாய். முன்னால் டார்ஷன் பார், பின்னால் கமான் பட்டை. பின் அச்சு முன்னே பின்னே நகராமல் பிடித்து வைப்பதும் அந்தப் பட்டைதான். அதன் முன்முனை ஒரு போல்ட்டில் நிற்கிறது, பின்முனை ஷேக்கிலில் தொங்குகிறது. பாரம் ஏறினால் வளைந்த பட்டை நிமிர்ந்து நீளும். அது நீள இடம் கொடுக்கத்தான் ஷேக்கில். இந்த மூட்டுகளில் இரும்பு இரும்போடு மோதாமல் காப்பது உள்ளங்கையில் அடங்குகிற ரப்பர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வேலையில் இறங்கினோம். முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்தோம். வண்டியைத் தூக்கி இரும்பு ஸ்டாண்டில் நிறுத்தினோம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலை வைக்கக் கூடாது. இதை மட்டும் அவனிடம் மூன்று முறை சொன்னேன். அச்சுக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்துப் பட்டையின் விறைப்பைத் தளர்த்தினோம். முந்தின இரவே டீசல் விட்டு ஊறவைத்திருந்ததால் நட்டுகள் அடம்பிடிக்கவில்லை. பட்டையின் முன்முனை வளையமான முன்கண்ணில் இருந்த புஷ்ஷைத்தான் எளிதில் எடுக்க முடியவில்லை. நீளமான போல்ட், ஒரு குழாய்த் துண்டு, தடித்த வாஷர்கள் இவற்றை வைத்து இழுத்து எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. புதியதை ஏற்ற அவன் கிரீஸ் டப்பாவை எடுத்தான். கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதி இளகிவிடும். சோப்புத் தண்ணீர் போதும் என்றேன்.

எல்லாம் கோத்ததும் ஸ்பானரை மாட்டி முறுக்கப் போனான். கையைப் பிடித்துக்கொண்டேன்.

1997-இல் நான் இதே வேலையைத் தனியாகச் செய்தேன். வண்டி தூக்கி நிற்கும்போதே எல்லா போல்ட்டையும் இறுக்கினேன். ஆறே மாதத்தில் புது ரப்பர் கிழிந்தது. முன்கண் புஷ்ஷில் இரண்டு இரும்புக் குழல்களுக்கு நடுவே ரப்பர் ஒட்டியிருக்கிறது. போல்ட் இறுகியதும் உள்குழல் அசையாது, பட்டையின் ஆட்டத்துக்கெல்லாம் ரப்பர்தான் முறுகிக் கொடுக்க வேண்டும். அந்தரத்தில் இறுக்கினால், வண்டி தரையில் சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுகித்தான் நிற்கும். “பாரத்தைச் சக்கரத்துல இறக்கிட்டுல்ல சார் முறுக்கணும்” என்றார் எங்கள் ஊர் மெக்கானிக்.

அந்தச் சொல் எனக்கு வீட்டில்தான் முழுதாக விளங்கியது. மருமகள் வந்த முதல் வாரமே சமையல் நேரம், போக்குவரத்து, செலவுக் கணக்கு என்று எல்லாவற்றையும் இறுக்கி வைத்தேன். அவள் வேலை என்ன, உடம்பு எப்படி, அவளுக்கு எது பாரம் என்று எதுவும் தெரியாத காலம் அது. இரண்டு வருடம் அவள் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் மேல் ஒரு தவறும் இல்லை. நான் ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். பிள்ளை பிறந்து, அவள் வேலைக்குத் திரும்பி, வீட்டின் சுமை எங்கே விழுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்த பின் மறுபடி பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடுகள் இன்றைக்கும் நிற்கின்றன. அந்த இரண்டு வருடத்தை மட்டும் என்னால் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

சக்கரங்களை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கினோம். பேரன் பின்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி விட்டான். பட்டை தன் இடத்தைத் தேடி அமர்ந்தது.

“மாமா, காபி” என்று மருமகள் வெளியே வந்தாள்.

“டம்ளரை வச்சிட்டுப் பின்சீட்டுல கொஞ்சம் உட்காரும்மா” என்றேன். உட்கார்ந்தாள். வண்டி விரற்கடை அளவு தாழ்ந்தது.

“இப்ப முறுக்குடா.”