நவம்பர் 26... ஒரே தேதிக்குள் எத்தனை கதை!

சங்கராபுரத்தில் நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. கலர் பிரின்ட் இவ்வளவு, லேமினேஷன் இவ்வளவு என்று விலை எழுதத்தான் வாங்கினேன். விலை என்ன தினமுமா மாறுகிறது? பலகை சும்மா தொங்கியது. ஒருநாள் கரன்ட் இல்லாத நேரத்தில், பொழுது போகாமல் 'இன்றைய தேதியில்' என்று தலைப்புப் போட்டு இரண்டு வரி எழுதினேன். அது பழக்கமாகிவிட்டது. எழுதாமல் விட்டால், பஸ்ஸுக்கு நிற்கும் ஸ்கூல் பிள்ளைகள் "அண்ணா, இன்னைக்கு உலகத்துல ஒண்ணுமே நடக்கலையா?" என்று கேட்கிறார்கள்.

ஒன்றுமே நடக்காத தேதி என்று ஒன்று கிடையாது. சில தேதிகளுக்கு யாராவது ஒரு விஞ்ஞானியின் பிறந்தநாளை வைத்து ஒப்பேற்றிவிடலாம். சில தேதிகளுக்குப் பலகை போதாது. நவம்பர் 26 அப்படிப்பட்ட தேதி.

முதலில் தூரத்துக் கதை. 1922 நவம்பர் 26. எகிப்தில் ஹோவர்டு கார்ட்டர் என்ற ஆங்கிலேயர், பாறைக்குள் இறங்கும் படிகளை மூன்று வாரம் முன்னால் கண்டுபிடித்திருந்தார். அன்றைக்கு உள்ளே இரண்டாவது கதவின் மூலையில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டு, மெழுகுவத்தியை நீட்டிப் பார்க்கிறார். செலவுக்குப் பணம் கொடுத்த கார்னார்வன் பிரபு பின்னால் நிற்கிறார். கண் இருட்டுக்குப் பழகப் பழக, உள்ளே எங்கு பார்த்தாலும் தங்க மினுமினுப்பு! சின்ன வயதிலேயே இறந்துபோன துட்டன்காமன் மன்னரின் கல்லறை. 3,000 வருஷத்துக்கு மேலாக உள்ளே கிடந்த பொருட்கள்.

இதை எழுதிப்போட்ட அன்று பக்கத்து டீக்கடையில் பெரிய விவாதம். "அவ்ளோ தங்கத்தையும் உள்ள வெச்சிப் பூட்டிட்டுப் போயிருக்கானே, அடகு வெச்சிருந்தா நாலு தலைமுறை உக்காந்து சாப்பிட்டிருக்கலாமே" என்றார் ஒரு நெல் வியாபாரி. மன்னருக்கும் நகைக்கடன் தேவைப்பட்டிருக்கும் என்று அவர் நினைத்தது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்தது, எங்கள் அம்மாவுக்குப் பிடித்த கதை. 1921-ல் இதே தேதியில் கோழிக்கோட்டில் பிறந்தவர் வர்கீஸ் குரியன். சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். 1949-ல் குஜராத்தில் ஆனந்த் என்ற ஊருக்கு வேண்டா வெறுப்பாக வேலைக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டார். பாலைக் கறக்கிறவர்களே சங்கம் வைத்துக்கொள்வது, கொழுப்பை அளந்து அதற்கு ஏற்ற விலை கொடுப்பது, நடுவில் கமிஷன்காரர் இல்லாமல் நகரத்துக்கு அனுப்புவது என்று அவர் அங்கே வளர்த்தெடுத்த முறைதான், 1970-க்குப் பிறகு வெண்மைப் புரட்சியாக நாடு முழுக்கப் போனது. அவர் பிறந்த நாள்தான் இப்போது தேசிய பால் தினம்.

எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடு இருந்த காலத்தில், அம்மா விடியற்காலையில் கேனைத் தூக்கிக்கொண்டு பால் சொசைட்டிக்கு ஓடுவார். என் காலேஜ் ஃபீஸில் பாதி அந்தக் கேனில் இருந்து வந்தது. குரியனுக்குப் பால் குடிக்கவே பிடிக்காது என்று நான் ஒருநாள் சொன்னபோது அம்மா கொஞ்சமும் ஆச்சர்யப்படவில்லை. "பின்ன? வீட்டுலயே குடிச்சுத் தீத்துட்டா சொசைட்டிக்கு எதை ஊத்துறதாம்?" என்றார்.

2008 வந்தால் பலகையில் எழுதவே கை வருவதில்லை. மும்பை தாக்குதல் தொடங்கிய இரவு அது. 29-ம் தேதி காலை வரை நாடே டி.வி முன்னால் உட்கார்ந்திருந்தது. 166 பேரின் உயிர் போனது. கையில் லத்தியோடு போய், பாய்ந்த குண்டுகளை உடம்பில் வாங்கிக்கொண்டு, கசாப்பின் துப்பாக்கியை விடாமல் பிடித்த உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே பெயரை மட்டும் ஒவ்வொரு வருஷமும் எழுதிவிடுவேன். வேறு எதுவும் அந்த வரியில் சேர்ப்பதில்லை.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். 2019 நவம்பர் 26 அன்றுதான் கள்ளக்குறிச்சி, தமிழ்நாட்டின் 34-வது மாவட்டமாகத் தொடங்கப்பட்டது. அந்த நேரத்தில் நான்கு நாளுக்கு முன்னால் தென்காசி, இரண்டு நாள் கழித்து திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும், அதற்கு மறுநாள் செங்கல்பட்டு என்று வாரா வாரம் சீரியல் மாதிரி மாவட்டங்கள் பிறந்துகொண்டிருந்தன. மற்ற ஊர்க்காரர்களுக்கு அது ஒரு செய்தி. எங்களுக்கு அது பஸ் டிக்கெட் விஷயம். என் தாத்தா காலத்தில் கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் கடலூர் போக வேண்டும். தென்னாற்காடு மாவட்டத்துக்கு அதுதான் தலைநகர். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்புவாராம். 1993-ல் விழுப்புரம் தனி மாவட்டமானது, அப்பா விழுப்புரத்துக்கு அலைந்தார். இப்போது நான் காலையில் கடையைத் திறந்து வைத்துவிட்டு, கள்ளக்குறிச்சி போய் மனு கொடுத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். மனு என்ன ஆகும் என்பது வேறு.

மாவட்டத்தின் முதல் பிறந்தநாளுக்கு வந்த விருந்தாளி யார் தெரியுமா? நிவர் புயல்! 2020 நவம்பர் 25 இரவு கரையைத் தொட்டு, 26 விடிவதற்குள் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கடந்துபோனது. கேக் வெட்ட யாரும் வெளியில் வரவில்லை.

இந்தத் தேதியின் பெரிய கதையைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். 1949 நவம்பர் 26. அரசியல் நிர்ணய சபை நம் அரசியலமைப்புச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட நாள். அதன் முகப்புரையிலேயே இந்தத் தேதி இருக்கிறது. 2015-லிருந்து அரசியலமைப்பு தினம் என்று கொண்டாடுகிறோம். பிள்ளைகள் அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுக்க என் கடைக்குத்தான் வருவார்கள்.

ஒரு எட்டாம் வகுப்புப் பையன் கேட்டான். "அண்ணா, நவம்பர்ல ஏத்துக்கிட்டாங்க, ஜனவரி 26-லதான் அமலுக்கு வந்துச்சு. அப்போ ரெண்டு மாசம் சும்மா இருந்துச்சா?" நல்ல கேள்வி. சும்மா இல்லை. சில பிரிவுகள் அன்றைக்கே, அதாவது 1949 நவம்பர் 26 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டன. 394-வது பிரிவில் அந்தப் பட்டியல் இருக்கிறது. அதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, யார் யார் இந்தியக் குடிமக்கள் என்று சொல்லும் பிரிவுகள். இன்னொன்று, தேர்தல் ஆணையம் பற்றிய 324-வது பிரிவு. மற்றதெல்லாம் இரண்டு மாதம் பொறுக்கலாம், குடியுரிமையும் தேர்தலும் பொறுக்கக் கூடாது என்பதுபோல!

இதை நான் பலகையில் எழுதிய அன்று, மலையிலிருந்து ஒரு பெரியவர் பேரனோடு வந்திருந்தார். எங்கள் ஊருக்கு மேற்கே பார்த்தால் தெரிகிறதே, கல்வராயன் மலை, அங்கிருந்து. மலைவாழ் மக்கள் என் கடைக்கு வருவது பெரும்பாலும் சாதிச் சான்றிதழ் வேலையாகத்தான். அவர்கள் 'மலையாளி' என்ற பழங்குடிப் பிரிவினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் 'மலையாளி' என்று பார்த்ததும் 'சொந்த ஊர் கேரளாவா?' என்று கேட்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

பேரன் பலகையைச் சத்தமாகப் படித்துக் காட்டினான். பெரியவர் கேட்டுவிட்டு, வாக்காளர் அட்டையை என்னிடம் நீட்டியபடியே சொன்னார். "எம் மவனும் நானும் ஒரே நாள்லதான் தம்பி மொத ஓட்டுப் போட்டோம்."

அட்டையில் இருந்த வயதை வைத்துக் கணக்குப் போட்டேன். அவர் முதல் ஓட்டுப் போடும்போது நாற்பதைத் தாண்டியிருப்பார்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றித் தானாக முன்வந்து ஒரு வழக்கை எடுத்தது. அப்போதுதான் இந்த விவரம் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. மலை, ஜாகீர்தார் குடும்பங்களின் கையில் இருந்திருக்கிறது. சுதந்திரம் வந்தது, அரசியலமைப்பு வந்தது, ஜமீன்கள் ஒழிந்தன. இந்த மலை மட்டும் 1976-ல்தான் முழுதாக அரசின் கைக்கு வந்ததாம். நாட்டுக்கே எமர்ஜென்சி போட்டு உரிமைகளை நிறுத்தி வைத்திருந்த சமயத்தில் இவர்களுக்கு ஜாகீரிடமிருந்து விடுதலை! அதற்கப்புறமும் ஓட்டுரிமைக்கு 20 வருஷம் ஆனது. 1996-ல்தான் கிடைத்தது என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது.

1949-ல் ஒரே நாளில் அமலுக்கு வந்த தேர்தல் பிரிவு, எங்கள் கடையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மலைக்குப் போய்ச் சேர 47 வருஷம். இன்றைக்கு எங்கள் சங்கராபுரம் சட்டமன்றத் தொகுதியில் ஜெயிக்க நினைக்கும் எல்லாக் கட்சிக்காரர்களும் மலை ஏறாமல் இருப்பதில்லை. ஓட்டு இல்லாத காலத்தில் யார் ஏறியிருப்பார்கள்? ரோடும் ஆஸ்பத்திரியும் ஏன் அவ்வளவு மெதுவாகப் போயின என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

"ஜாகீர் காலத்துல எப்படிங்கய்யா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"வேலைக்குக் கூப்புட்டா போவணும். கூலின்னு கேக்க முடியாது. எங்கப்பாரு போனாரு, நானும் சின்ன வயசுல போயிருக்கேன்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. ஜெராக்ஸ் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத ஓட்டு யாருக்குப் போட்டீங்க?" என்று பேச்சை மாற்றினேன்.

"அதை எம் மவங்கிட்டயே சொல்லல. உனக்கா சொல்லப் போறேன்?" என்று சிரித்தார்.

பேரனுக்குப் பதினேழு முடிந்திருந்தது. பதினேழு ஆனதுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம், பதினெட்டு ஆனதும் பட்டியலில் பெயர் ஏறும் என்று சொன்னேன். படிவம் 6-ஐ பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். பையன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனான். பெரியவர் வாங்கி, மடிப்பைப் பிரித்து நீவிவிட்டு, சாதிச் சான்றிதழ் வைத்திருந்த பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தார். பத்து ரூபாய் ஆனது. கொடுத்துவிட்டு, மலைக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.