அம்மாவின் மாணவி

மாணவர்கள் அயல்நாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கும் ஏற்பாடு, 1932இல் டொனால்ட் வாட் என்ற அமெரிக்கர் தம் நாட்டு இளைஞர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்று தொடங்கிய முயற்சியிலிருந்து கிளைத்தது. பின்னர் அது ஆப்பிரிக்கா, ஆசியா என்று பரவியது. இந்தப் பயணங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் படித்தவரை அனைத்தும் விருந்தாளிகள் எழுதியவை. இடம் கொடுத்த வீட்டார் எழுதியது என் கண்ணில் பட்டதில்லை.

2016இல் கோத்தகிரியில் எங்கள் வீட்டில் ஓர் அமெரிக்க மாணவி நான்கு மாதங்கள் தங்கியிருந்தாள். தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் வேலையைப் பற்றி ஆய்வு செய்ய வந்தவள். அதற்கு முந்தைய ஆண்டு கென்யாவில், கெரிச்சோவின் தேயிலை மலைகளில் ஒரு தொழிலாளர் வீட்டில் தங்கியிருந்தாளாம். என் அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. வந்த அன்றே, "அங்க கொழுந்து கையாலதான் எடுக்கிறாங்களா?" என்று கேட்டார். கையாலும் உண்டு, இயந்திரத்தாலும் உண்டு என்று அவள் பாதி தமிழிலும் பாதி சைகையிலும் சொன்னாள். இயந்திரம் செடியின் தலையைச் சீவிக்கொண்டு போவதை அவள் நடித்துக் காட்டியபோது அம்மா சிரிக்கவில்லை. "அப்ப அந்தப் பொம்பளைகளுக்கு வேலை?" என்றார். ஆய்வின் மையக் கேள்வியே அதுதான் என்று அவள் பின்னால் என்னிடம் சொன்னாள்.

அம்மா ஹட்டன் பக்கம் பிறந்தவர். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்தியா ஏற்க ஒத்துக்கொண்ட 5,25,000 பேரில் எங்கள் தாத்தா குடும்பமும் அடக்கம். 1974இல், பதினேழு வயதில், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். மண்டபம் முகாமிலிருந்து நீலகிரிக்கு. இப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968இல் அரசு இங்கே தேயிலை பயிரிடத் தொடங்கியிருந்தது. மலையும் தேயிலையும் குளிரும் அம்மாவுக்குப் புதியவை அல்ல. மொழிதான் இடறியது, அதுவும் தமிழே தமிழுக்கு இடறியது.

இங்கே லைன் வீடு என்பதை அவர் லயம் என்றார். காலையில் ஆள் கணக்கெடுப்பதைப் பெரட்டு என்றார். ரொட்டியைப் பாண் என்றார். மலை ஊற்றிலிருந்து தண்ணீர் விழும் இடத்தைப் பீலி என்றார். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி இந்தக் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லிச் சிரித்ததை அவர் கடைசிவரை மறக்கப் போவதில்லை. 'சிலோன்காரி' என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அம்மா சொற்களை ஒவ்வொன்றாக வாயிலிருந்து இறக்கி வைத்தார். நான் வளர்ந்த வீட்டில் பாண் என்ற சொல் கிடையாது. தேங்காய்ச் சம்பல் மட்டும் இருந்தது. அதையும் விருந்தினர் முன்னால் சட்னி என்போம்.

மாணவி பல்கலைக்கழகத்தில் ஓராண்டு தமிழ் படித்துவிட்டு வந்திருந்தாள். எழுத்துத் தமிழை அப்படியே பேசுவாள். எந்தச் சொல் எந்த ஊருடையது, எதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அந்த அறியாமை எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். ஒரு நாள் சமையலறையிலிருந்து, "புள்ள, பாண் இருக்கு, சம்பல் தொட்டுச் சாப்பிடு" என்று குரல் கேட்டது. பிறகு லயம் வந்தது, பெரட்டு வந்தது. கப்பல் கதையும் வந்தது. தாத்தாவின் தகரப் பெட்டியைச் சுங்கத்தில் கவிழ்த்துக் கொட்டினார்கள் என்பதை நான் முதன்முறையாக, அடுத்த அறையில் இருந்தபடி, இன்னொருத்திக்குச் சொல்லப்பட்டதாகக் கேட்டேன். சொந்தப் பிள்ளைகளுக்கு நாற்பது வருடங்களாகச் சொல்லாத கதை. கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். கேட்பவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும்போது யார்தான் கூட்டமாட்டார்கள்?

சுள்ளியின் நினைவு வருகிறது. கோத்தகிரி என்ற பெயரே கோத்தர் கேரி என்பதிலிருந்து வந்தது. அந்தக் கோத்தர்களின் மொழியை 1930களின் பிற்பாதியில் ஆராய்ந்தவர், கனடாவில் பிறந்த மொழியியலாளர் எம். பி. எமனோ. 'கோத்தா டெக்ஸ்ட்ஸ்' என்ற பெயரில் 1944 தொடங்கி அவர் வெளியிட்ட கதைத் தொகுதிகளுக்குப் பின்னால் இருந்த குரல் சுள்ளி என்ற கோத்தருடையது. பள்ளியில் படித்து ஆசிரியரானவர். கோத்த ஆண்களுக்குரிய நீண்ட முடியை வெட்டிக்கொண்டு ஊராரின் பகையைச் சம்பாதித்தவர். மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாமுக்கும் அவரே உதவினார். மாண்டல்பாம் 1960இல் அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். சுள்ளி சொல்லும் நிகழ்ச்சிகளில் சுள்ளியே நாயகன் ஆகிவிடும் போக்கு அதில் பதிவாகியிருக்கிறது. இன்று உலகின் நூலகங்களில் இருக்கும் கோத்த மொழி பெரும்பாலும் ஊரோடு ஒட்டாத அந்த ஒரு மனிதரின் வாய்மொழி. அவரைத் 'தகவலாளி' என்பது துறை வழக்கு. எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. சொல்லிக் கொடுத்தவரை ஆசிரியர் என்பதுதானே நம் வழக்கம்?

அம்மாவின் மாணவி கிளம்புவதற்கு முந்தைய வாரம், அவளுடைய வகுப்பில் தமிழில் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டியிருந்தது. திருத்தித் தந்த ஆசிரியர் பாணை அடித்து ரொட்டி என்று எழுதியிருந்தார். பீலியை அடித்துக் குழாய். அவர்மேல் தவறில்லை, பாடத்திட்டம் அப்படி. அவள் தாளை எடுத்துவந்து அம்மாவிடம் காட்டினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிவப்புக் கோடுகளை நெடுநேரம் பார்த்தார்.

"குழாய் வேற, பீலி வேற. குழாயில தண்ணி நிக்கும். பீலியில நிக்காது" என்றார்.

உரையில் அவள் பீலி என்றே சொன்னாள். பாணை விட்டுக் கொடுத்துவிட்டாள்.