தனக்கு உருட்ட முடியாத பகடை

ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை. ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் பின்னேரம் நாலரைக்கே இருட்டி விட்டது. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளப் பொது அறையில் மகளும் கூட்டாளிமாரும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பற்றிஸ் தட்டை வைத்துவிட்டுத் திரும்பலாம் என்று இறங்கினேன். இரண்டு மணித்தியாலம் அங்கேயே இருந்துவிட்டேன்.

மேசையில் கட்டம் போட்ட தாள். அதில் பென்சிலால் கீறிய ஒரு குகை. விரல் உயரத்தில் சின்னப் பொம்மைகள், நாலு முகம் முதல் இருபது முகம் வரை பகடைகள். ஒரு பெடியன் கதையை நடத்துகிறான். மற்ற நால்வருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற பெயரை வீட்டில் கேட்டிருக்கிறேன், விளையாடக் கண்டது அன்றைக்குத்தான். வாள்வீரனாக வந்த பெடியனுக்கு உயிர்ப்புள்ளி மூன்றுதான் மிச்சம். எதிரே பூதம். மகளின் முறை வந்தது. அவள் யாரையும் வெட்டவில்லை. தன்னுடைய ஆறுமுகப் பகடையை எடுத்து, மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, அந்தப் பெடியனின் உள்ளங்கையில் வைத்தாள். நோர்வேஜிய மொழியில் மெல்லிய குரலில் ஒரு வரி பாடினாள். அவன் தன் இருபதுமுகப் பகடையோடு அதையும் சேர்த்து உருட்டினான். பதினொன்று விழுந்தது, காணாது. ஆறுமுகத்தில் விழுந்த ஐந்தையும் கூட்டியபோது வாள் இறங்கியது.

படியேறும்போது கேட்டேன். "ஏன் பிள்ளை, நீ சண்டை பிடிக்கிறேல்லையோ?"

"நான் பார்ட், அப்பா. பாட்டுக்காரி. நீங்கள் மிருதங்கம் வாசிக்கிற மாதிரித்தான். நடுவில நிக்கிறது வேற ஆள்."

இருபது வருசமாக ஒஸ்லோவில் பிள்ளைகளின் அரங்கேற்றங்களுக்கு மிருதங்கம் வாசித்து வருகிறேன். எங்களுக்குள்ள பெயர் பக்கவாத்தியம். மகள் ஒரு விளையாட்டைச் சொல்லி என் இடத்தை எனக்குக் காட்டிவிட்டாள். இந்தப் பாத்திரம் எங்கேயிருந்து வந்தது என்று தேடாமல் அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.

முதலில் அவளுடைய விதிநூலைப் புரட்டினேன். 2014 ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு. பாட்டுக்காரர் பகடை கொடுக்கும் விதி நாலைந்து வரிதான். அறுபது அடிக்குள் இருக்கும் ஒருவரைத் தெரிந்தெடுக்க வேண்டும். அவருக்கு உன் குரல் கேட்க வேண்டும். அவர் நீயாக இருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மேசையில் இருக்கிற எல்லோருக்கும் கொடுக்கக்கூடிய பகடையை அவள் தனக்கென்று உருட்டவே முடியாது.

இந்த விளையாட்டு 1974 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற ஊரிலிருந்து வெளிவந்தது. ஆக்கியவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும். அதில் பாட்டுக்காரர் இல்லை. 1976 பெப்ரவரியில் விளையாட்டை வெளியிட்ட நிறுவனம் நடத்திய இதழில் டக் ஷ்வெக்மன் என்பவர் எழுதிய கட்டுரையில்தான் பார்ட் பிறக்கிறார். எதையெல்லாம் கலந்து செய்தேன் என்று அவரே சொல்லிவிடுகிறார். வட ஐரோப்பாவின் பாட்டுப் புலவரான ஸ்கால்ட், கெல்ட்டியரின் பார்ட், தென் ஐரோப்பாவின் ஊர்சுற்றிப் பாடகர் என்று மூன்று பேர். 1978 இல் வந்த விதிநூலில் பாத்திரம் பின்னிணைப்புக்குப் போய்விட்டது. முதலில் வீரனாக, பிறகு கள்வனாக இருந்து தேறியவர்தான் பாட்டுக்காரராகலாம். அவர் ஏறவேண்டிய ஏழு படிகளின் பெயர்களும் பழைய அயர்லாந்துப் புலவர்களின் ஏழு தரங்களிலிருந்து எடுத்தவை. ஃபொக்லுகனில் தொடங்கி ஒல்லாமில் முடியும். இதிலே ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. அயர்லாந்தின் பழஞ்சட்டங்களில் அந்தத் தரங்கள் ஃபிலி என்ற கற்ற புலவருக்கு உரியவை. பார்ட் அவருக்குக் கீழே நிற்பவர். எங்கள் பக்கத்துப் புலவரும் பாணரும் அப்போதே என் நினைவுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் ஸ்கால்ட் நான் வாழும் நாட்டுக்காரர். முதலில் அவரைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

ஹொல்ம்லியா நூலகத்தில் ஸ்னோரேயின் அரசர் வரலாற்றை எடுத்தேன். 13 ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதிய நூல் அது. நோர்வேஜியர் அதைச் சும்மா 'ஸ்னோரே' என்றே சொல்வார்கள். ஜூலைக் கடைசியில், லீவு கிடைத்தபோது, ட்ரொண்ட்ஹைமுக்கு ரெயின் ஏறி, அங்கிருந்து உள்ளூர் ரெயினில் வெர்டாலுக்குப் போய் ஸ்டிக்லஸ்டாட்டில் நின்றேன். 1030 இல் நோர்வே அரசன் ஓலாவ் சண்டையில் விழுந்த இடம். கல்லால் கட்டிய பழைய தேவாலயம், சுற்றிவர வாற்கோதுமை வயல். அப்படியொரு அமைதி.

ஸ்னோரே சொல்லும் கதை இது. சண்டை நடக்கப்போகும் நாள் விடியுமுன் அரசன் விழித்துவிட்டான். தூர்மூட் என்ற ஸ்கால்ட்டைக் கூப்பிட்டு ஒரு பாட்டுச் சொல்லச் சொன்னான். தூர்மூட் எழுந்திருந்து ஒரு பழம்போர்ப்பாட்டைப் பாடியபோது முழுப்படையும் விழித்துக்கொண்டது. அரசன் கொடுத்தது ஒரு பொன் வளையம். சண்டை தொடங்குமுன் தன்னோடிருந்த மூன்று ஸ்கால்ட்டுகளையும் கேடய வளையத்துக்குள் நிறுத்தினான். நடப்பதைக் கண்ணால் காணுங்கள், பிறகு நீங்களே பாடவேண்டும் என்றான். அவர்களில் இருவர் அங்கேயே விழுந்தார்கள். தூர்மூட்டின் இடது விலாவில் அம்பு.

அவர் நடந்து நடந்து காயப்பட்டோர் கிடந்த கொட்டிலுக்குப் போனார். அங்கே வைத்தியம் பார்த்த பெண் உள்ளிப்பூண்டு இனத்துக் கீரையும் வேறு மூலிகையும் போட்டுக் காய்ச்சிய கஞ்சியைக் கொடுத்தாள். குடித்தபின் காயத்தில் அந்த மணம் வந்தால் குடல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். தூர்மூட் வேண்டாம் என்றார். அவள் குறட்டால் இழுத்தும் அம்பு வரவில்லை. பொன் வளையத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் குறட்டை வாங்கித் தானே இழுத்தார். அரசன் எங்களுக்கு நல்லாய்ச் சாப்பாடு போட்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டு உயிர் விட்டார்.

வயலோரத்தில் நிற்கும்போது மகளின் விதி மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு படையையே எழுப்பிய குரல். அதே குரலுக்குச் சொந்தக்காரரின் காயத்துக்கு யாரும் பாடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாணரைப் பற்றிப் பேராசிரியர் கைலாசபதி எழுதிய நூலைப் பெட்டியில் தேடி எடுத்தேன். அவர் பேர்மிங்ஹமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆராய்ச்சி செய்தவர். தொம்சன் கிரேக்கப் பேராசிரியர், அயர்லாந்தின் பிளாஸ்கெட் தீவுக்காரரோடு பழகி அவர்கள் மொழியைக் கற்றவர். அந்த ஆராய்ச்சி 1968 இல் ஆக்ஸ்போர்டில் ஆங்கில நூலாக வந்தது. சங்கப் பாணரைக் கிரேக்க, அயர்லாந்து, வேல்ஸ் பாணர்களுக்குப் பக்கத்தில் உட்கார்த்திப் பார்க்கும் நூல் அது. லேக் ஜெனீவாவில் விளையாட்டுப் பெட்டி வெளிவந்த அதே 1974 இல்தான் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. அதன் முதல் தலைவர் கைலாசபதி. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் அந்த ஆண்டைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அவர் பிடித்த கையோடு புறநானூற்றுக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் ஒப்புவித்த பாட்டுகள்தான். இப்போது மகளின் விதிநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். அவளுடைய பாத்திரத்துக்கு ஒரு சொல்லால் எதிரியைக் காயப்படுத்தும் வித்தை உண்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் அதைத்தானே செய்தார்! 95 ஆம் பாட்டில் தொண்டைமானின் ஆயுதங்களைப் பீலியும் மாலையும் சூட்டி நெய் பூசியிருக்கிறீர்களே என்று புகழ்கிறார். எங்கள் ஆளின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று முடித்துவிடுகிறார். அதே ஔவையாரை 89 ஆம் பாட்டில் பகையரசன் விறலி என்றுதான் விளிக்கிறான். அடுத்தது பாரியின் பறம்பை மூவேந்தர் முற்றியபோது கபிலர் சொன்னது. வாளால் உங்களால் வெல்ல முடியாது. யாழை எடுத்துக்கொண்டு விறலியரோடு பாடி ஆடி வாருங்கள், நாட்டையும் மலையையும் தந்துவிடுவான் என்றார். ஆற்றுப்படைகளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். பரிசு பெற்று வரும் பாணன் வழியில் காணும் பசித்த பாணனை நிறுத்தி, இந்தப் பக்கம் போ, இன்னார் தருவார் என்று வழி காட்டுகிறான். தான் பெற்றதை இன்னொருவனும் பெறவேண்டும் என்பதற்காகவே ஒரு பாட்டு வகை இருந்திருக்கிறது.

ஆனால் நான் தேடியது 281 ஆம் பாட்டில் இருந்தது. அரிசில்கிழார் பாடியது. அரசனுக்கு வந்த ஆபத்தைத் தன்மேல் தாங்கிய வீரன் புண்பட்டு வீட்டில் கிடக்கிறான். அவனுடைய பெண் தோழியைக் கூப்பிடுகிறாள். வீட்டுக் கூரை இறப்பில் இரவந் தழையையும் வேப்பந் தழையையும் செருக வேண்டும், யாழும் மற்ற வாத்தியங்களும் ஒலிக்க வேண்டும், மை பூசி வெண்கடுகு சிதறி, ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எழுப்ப வேண்டும், வா, அவன் புண்ணைக் காப்போம் என்கிறாள். மலைபடுகடாமிலும் இதே வழக்கம். புலி பாய்ந்து கிழித்த கணவரின் மார்புப்புண் ஆறக் கொடிச்சியர் பாடுகிறார்கள். ஒடிசியிலும் பன்றி குத்திய காயத்தின் இரத்தத்தைப் பாட்டு மந்திரம் நிறுத்துகிறது. மனிதர் பல இடங்களில் இதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் என்ன தழை, என்ன குழல், என்ன பண் என்று இவ்வளவு கிட்டப்போய், காயத்தின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன பாட்டை நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே பாடுபவர்கள் வீட்டுப் பெண்கள், தொழிற்பாணர் அல்லர். பாணர் 291 ஆம் பாட்டில் வருகிறார்கள். விழுந்து கிடப்பவனைப் பறவைகள் அண்டாமல் காக்கும்படி துடி கொட்டுவோரையும் பாடுவோரையும் ஒருத்தி வேண்டுகிறாள். இவ்வளவு செய்த பாணர்குடியைப் பிற்காலத்துச் சமூகம் ஒதுக்கித் தள்ளியது. சாவீட்டுக்குப் பறை வேண்டும், பறை கொட்டியவர் வாசலுக்குள் வரக்கூடாது என்று வைத்த ஊரில்தான் நானும் வளர்ந்தேன். அதை நினைத்தால் நெஞ்சு சுடுகிறது.

அப்போ பாடுகிறவனுக்கு யார் பாடுவது? இந்தக் கேள்வியோடு பெரியபுராணத்துக்குப் போனேன். சம்பந்தருக்கு யாழ் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் அவருடைய சுற்றத்தார், உன் யாழால்தான் பதிகம் சிறக்கிறது என்றார்கள். அது அவருக்குப் பொறுக்கவில்லை. யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடும்படி சம்பந்தரையே கேட்டார். பாடினார், யாழ் தோற்றது. உடைக்கவென்று யாழை ஓங்கினார் பாணர். சம்பந்தர் தடுத்து, அதைத் தன் கையில் வாங்கி, அவரைத் தேற்றி, இதில் வந்த அளவு வாசியும் என்று திருப்பிக் கொடுத்தார். தாளம் தவறிய மேடைகளில், நடுவில் நிற்பவர் ஒரு கணம் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தால் என்ன ஆகும் என்பது பக்கவாத்தியக்காரருக்குத் தெரியும்.

இதையெல்லாம் ஓகஸ்ட் முழுக்க மகளுக்குச் சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாண வைபவமாலை சொல்லும் கதையையும் சொன்னேன். சோழநாட்டிலிருந்து வந்த கண்தெரியாத யாழ்பாடி ஒருவர் அரசனைப் பாடி மணற்றிடரைப் பரிசாகப் பெற்றார், அதனால் அந்த நிலம் யாழ்ப்பாணம் ஆனது. அது கதைதான், பெயருக்கு வேறு விளக்கம் சொல்வோரும் உண்டு. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்போ எங்கட ஊரின்ர பேரே பார்டோ?"

பிறகு கேட்டாள். "வேப்பிலை எப்பிடி இருக்கும்?"

எங்கள் முற்றத்து வேம்பைச் சொன்னேன். பூக்காலத்தில் நிலமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும், அம்மா கூட்டி அள்ளி வடகம் போடுவா. அவள் யன்னலால் எட்டிப் பார்த்தாள். வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில் ரோங்மரம் சிவப்புச் சிவப்பாய்க் காய்த்து நின்றது. இலை வேப்பிலை போலவே ஈர்க்கில் இரண்டு பக்கமும் அடுக்காக இருக்கும். பேய் பிசாசு அண்டாமல் காக்கும் என்று நோர்வேஜியரும் பழங்காலத்தில் நம்பிய மரம் அது.

செப்டெம்பரில் திரும்ப விளையாட்டுத் தொடங்கியது. இந்தமுறை பிள்ளைகளிடம் கேட்டுவிட்டே போய் ஒரு கதிரையில் இருந்தேன். மகள் ரோங்மரக் கொத்து ஒன்றை முறித்துவந்து குகைப்படத்தின் மேல் விளிம்பில் ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தாள். கூட்டாளிமாருக்கு 281 ஆம் பாட்டின் கதை தெரிந்திருந்தது. ஒன்பது மணியளவில் அவளுடைய பாத்திரம் விழுந்தது. உயிர்ப்புள்ளி பூச்சியம். அவளிடம் இன்னும் இரண்டு பகடை மிச்சம் இருந்தது, இரண்டும் அவளுக்கு உதவாது. பொம்மையைப் படத்தில் சரித்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

வாள்வீரப் பெடியனின் முறை. அவனிடம் மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை. கொத்தை விளிம்பிலிருந்து மெதுவாகப் பிரித்தெடுத்தான். சரிந்த பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு மேசையில் இரண்டு விரலால் தட்டத் தொடங்கினான். தாளம் சீராக இல்லை. மற்றவர்களும் சேர்ந்து தட்டினார்கள். நான் மடியில் இருந்த கையை எடுத்து, கதிரைக் கையில் அவர்களோடு போட்டேன்.

"மருத்துவம் பார்க்கிறேன்" என்றான் கதை நடத்தும் பெடியனிடம். காயத்தைக் கட்டப் பத்தாவது விழவேண்டும். இருபதுமுகப் பகடையை உருட்டினான். அது படத்தின் மேலால் ஓடி, ரோங் கொத்தில் முட்டி நின்றது.

பதின்மூன்று.