பேசி முடித்த பிறகு இணையுங்கள்

இன்று சிற்றூரில் இருக்கும் பம்ப்செட் கடையில்கூட சிஆர்எம் மென்பொருள் வந்துவிட்டது. வாடிக்கையாளர் யார், என்ன கேட்டார், அவரிடம் மறுபடி எப்போது பேச வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பில், இருப்பு, வாரன்டி, சர்வீஸ் விவரங்கள் வேறொரு டேட்டாபேஸில் இருக்கும். இரண்டையும் தானியங்கி ஒர்க்ஃப்ளோவால் இணைத்துவிட்டால் ஒரே தகவலை இரண்டு இடத்தில் தட்டச்சு செய்யும் வேலை மிச்சம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். அது உண்மைதான், செய்யவும் வேண்டும். பேரேட்டில் தொடங்கிக் கணினி வரை கணக்குகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் அவர்களுக்கு ஒன்று சொல்வேன். இரண்டு மென்பொருள்களை இணைக்கும் முன், அவற்றைப் பயன்படுத்தும் இரண்டு பிரிவினரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

இணைப்பு வேலை செய்யும் விதம் எளிமையானது. 2005 முதல் இருக்கும் ஸோகோ சிஆர்எம்மை எடுத்துக்கொள்ளுங்கள். 'புதிய லீட் (வாங்க விசாரிப்பவர்) பதிவானால் இதைச் செய்' என்று ஒரு விதி எழுதி வைக்கலாம். பதிவானதும் அந்த விவரம் வெப்ஹுக் வழியாக நாம் கொடுத்த இணைய முகவரிக்குப் போகும். அங்கே காத்திருக்கும் ஒரு சிறு நிரல் அதை வாங்கி டேட்டாபேஸில் எழுதும். நொடியில் முடிகிற காரியம். ஆனால் வருகிறவர் புதியவரா பழையவரா என்று அந்த நிரலுக்கு எப்படித் தெரியும்?

நம் ஊரில் இது பெரிய கேள்வி. சிஆர்எம்மில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் லீட் பதிவாகாது. நம்மில் பெரும்பாலோருக்குக் கடைசிப் பெயரே கிடையாது. ஒரு ஊழியர் அங்கே இனிஷியலைப் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை, வேறொருவர் ஊர்ப் பெயரை. ஒரே முருகேசன் மூன்று ஆளாகிவிடுவார். கைபேசி எண்ணை நம்பலாம் என்றால், ஒருவர் முன்னால் சுழியம் சேர்ப்பார், ஒருவர் 91 சேர்ப்பார். அப்பாவின் எண்ணை மகன் வைத்திருப்பதும் உண்டு.

எட்கர் காட் 1970-இல் உறவுமுறைத் தரவுத்தளத்தின் இலக்கணத்தை எழுதியபோதே, ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைத் திறவுகோல் வேண்டும் என்றார். பழைய கணக்குப்பிள்ளைகளும் அதைத்தான் செய்தார்கள். நாள்வழியில் எழுதிய வரியைப் பேரேட்டில் ஏற்றியதும், அந்தப் பேரேட்டுப் பக்க எண்ணை நாள்வழியில் குறித்துவிடுவார்கள். அதுபோல சிஆர்எம் கொடுக்கும் எண்ணை டேட்டாபேஸிலும், டேட்டாபேஸ் எண்ணை சிஆர்எம்மிலும் குறித்து வையுங்கள். பெயர் எப்படி மாறினாலும் ஆள் மாறமாட்டார்.

அடுத்து, யார் சொல் கடைசிச் சொல்? விற்பனைப் பிரிவு ஒரு முகவரி வைத்திருக்கும், வீட்டுக்கே போய் மோட்டாரைப் பார்த்த மெக்கானிக் வேறொரு முகவரி வைத்திருப்பார். பேசி வைக்காமல் இருபுறமும் இணைத்தால், கடைசியாக வந்தது முன்னதை அழிக்கும். இங்கே செய்த மாற்றம் அங்கே போய், அங்கிருந்து மறுபடி இங்கே வந்து, நிற்காமல் சுற்றுவதும் உண்டு. வெறுமையாக விட்ட ஒரு கட்டம், மறுபக்கத்தில் நிரம்பியிருந்த கட்டத்தைத் துடைத்துவிடும்.

ஒரே செய்தி இரண்டு முறை வருவதும் சாதாரணம். நிரல் டேட்டாபேஸில் எழுதி முடித்த பிறகு அதன் பதில் வழியில் தொலைந்தால், அனுப்பிய பக்கம் மீண்டும் அனுப்பலாம். இதற்கு உதவ, போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் 2016 முதல் 'ஆன் கான்ஃப்ளிக்ட்' (மோதல் வந்தால்) என்ற கட்டளை இருக்கிறது. அதே எண்ணில் ஏற்கெனவே வரிசை இருந்தால் புதிதாகச் சேர்க்காமல் பழையதைத் திருத்தச் சொல்லலாம். எந்தக் கட்டத்தைத் திருத்துவது, எதைத் தொடக் கூடாது என்பதை எழுத வேண்டியவர்கள் நாம்தான். மோதல் வந்தால் என்ன செய்வது என்று அமைதியான நாளிலேயே முடிவு செய்து வைப்பது, தொழிலுக்கு மட்டுமல்ல, வாழ்க்கைக்கும் நல்லது.

எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நெடுங்கால வாடிக்கையாளர் ஒருவர் காலமானார். மகன் விற்பனைப் பிரிவுக்கு ஃபோன் செய்து சொன்னார். அவர்கள் சிஆர்எம்மின் குறிப்புப் பகுதியில் எழுதினார்கள். ஒர்க்ஃப்ளோ பெயரையும் எண்ணையும் மட்டுமே கொண்டுபோகும், குறிப்பைக் கொண்டுபோகாது. சில வாரங்களில் டேட்டாபேஸிலிருந்து இறந்தவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து போனது. கணினி சொன்னதைச் செய்தது. இறப்புச் செய்தி வந்தால் எந்தக் கட்டத்தில் குறிப்பது, யாருக்குத் தெரிவிப்பது என்று இரண்டு பிரிவும் ஒருநாளும் பேசியதில்லை. அந்தக் குடும்பத்தின் மனக்காயத்தை எந்த மென்பொருளாலும் ஆற்ற முடியாது.

வாடிக்கையாளர் 'இனி அழைக்காதீர்கள்' என்று சொன்னாலும் இதே கதைதான். சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம். சிஆர்எம்மில் மறுத்தவரை டேட்டாபேஸ் தொடர்ந்து தொந்தரவு செய்தால், அவர் திரும்பப் பெற்ற சம்மதத்துக்கு நாம் மதிப்புக் கொடுக்கவில்லை என்றுதான் பொருள்.

ஆகவே தம்பி தங்கைகளே, நிரல் எழுதும் முன் ஒரு தாளை எடுங்கள். எந்தெந்தக் கட்டம் பகிரப்படும், ஒவ்வொன்றிலும் எந்தப் பிரிவின் சொல் கடைசிச் சொல், மறுபக்கத்தில் ஏறாமல் நின்ற பதிவுகளைத் தினமும் காலையில் பார்ப்பவர் யார் என்று எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒருவர் பெயரையே எழுதுங்கள். எல்லோருடைய பொறுப்பு என்று விட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். இரண்டு பிரிவின் தலைவர்களும் அதில் கையெழுத்துப் போடட்டும். அதன் பிறகு செய்கிற இணைப்பு, உங்கள் வேலையைக் குறைப்பதோடு, உங்களை நம்பித் தன் பெயரையும் எண்ணையும் தந்தவருக்கு மரியாதையும் செய்யும்.