குசினிச் சுவரில் ஒரு பொட்டு

வேலிகள் இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்து நாய்களுக்கு எவரும் வாசல் வைத்துக் கொடுத்ததில்லை. கிடுகு வேலியிலோ பனையோலை வேலியிலோ தமக்கு வசதியான இடத்தில் அவை தாமே ஒரு பொட்டைப் போட்டுக்கொண்டன. அதே பொட்டினூடாகக் கோழிகள் போய்வந்தன, பிள்ளைகள் போய்வந்தார்கள், அவசரத்துக்கு அரைமூடித் தேங்காயும் ஒரு சுண்டு அரிசியும்கூடக் கைமாறின. ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது அப்பா அந்தப் பொட்டை மட்டும் அடைக்காமல் விட்டுவிடுவார். அடைத்தால் நாய் மறுநாளே வேறோரிடத்தில் பிய்த்துவிடும், வீண் வேலை என்பது அவருடைய நியாயம்.

இன்று எமது வளவைச் சுற்றி ஆறடி மதில். வீட்டின் கதவுகளோ இரவில் தாழிடப்படுபவை. உள்ளே படுக்கும் நாய் வெளியே போய்வருவதற்கு மனிதர் ஒருவர் எழுந்து கதவைத் திறக்கவேண்டும். எமது வீட்டில் அந்த மனிதர் 82 வயதான என் அம்மா.

றோசி சாதாரண ஊர்நாய். குட்டியாக இருந்தபோது ஒரு மார்கழி மழையில் நனைந்து நடுங்கியதைப் பார்த்து அம்மா குசினிக்குள் எடுத்துவிட்டார். அன்றிலிருந்து வெளியே படுப்பது தனது தகுதிக்குக் குறைவு என்று அது முடிவு செய்துவிட்டது. நள்ளிரவு கடந்து ஒருமுறை வளவுக்குள் போய்வருவது அதன் வழக்கம். பத்திரிகையின் கடைசிப் பக்கம் அச்சுக்குப் போன பின்னர் நான் வீடு சேர ஒரு மணி, சில நாட்களில் இரண்டு மணியாகிவிடும். மனைவி மகளின் படிப்புக்காகக் கொழும்பில் இருக்கிறார். ஆகவே அம்மாதான் எழும்புவார். கடந்த கார்த்திகையில் அவ்வாறு எழும்பிக் கதவைத் திறந்தவர், ஈரப்படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு வீங்கி இரண்டு கிழமை சோறு பிசைய முடியாமல் இருந்தார். நான் வந்து தூக்கும்வரை படியிலேயே இருந்திருக்கிறார். நாய் பக்கத்தில் படுத்திருந்தது.

கதவின் கீழ்ப்பகுதியில் துவாரம் வெட்டி, மேற்புறம் மட்டும் பொருத்திய ஒரு மடலைத் தொங்கவிடும் ஏற்பாடு பற்றி நான் அறிந்திருந்தேன். புதுமையான விடயமல்ல. சோசர் என்ற ஆங்கிலக் கவிஞர் 14 ஆம் நூற்றாண்டில் எழுதிய கன்ரபரிக் கதைகளில், பூனை போய்வருவதற்கான துவாரம் ஒன்று ஒரு கதவில் இருக்கிறது. பெரிய பூனைக்குப் பெரிய துவாரமும் குட்டிக்குச் சிறிய துவாரமும் நியூற்றன் வெட்டுவித்தார் என்றொரு பகிடிக் கதையும் உண்டு. அதற்கு ஆதாரமில்லை என்பதால், பத்திரிகைத் தொழில் பழக்கத்தில், அதை நான் நம்புவதில்லை.

ஓடாவியார் ஒருவரை அழைத்துவந்தேன். அளவெடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. துவாரத்தின் மேல்விளிம்பு நாயின் தோளுயரத்தைவிட ஓரிரு அங்குலம் கூடுதலாக இருக்கவேண்டும். கீழ்விளிம்பு வயிற்றுக்குக் கீழே இருக்கவேண்டும். தாவிக் குதிக்காமல் காலெடுத்து வைத்தே கடக்க முடிய வேண்டும். றோசியின் தோளுயரம் 19 அங்குலம். நிலத்திலிருந்து 6 அங்குலம் விட்டு, 15 அங்குல உயரமும் 10 அங்குல அகலமும் போதும் என்று கணக்கிட்டோம். ஓடாவியார் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் குசினிப் பின்கதவில் கோடு கீறக் குனிந்தபோது அம்மா வந்து நின்றார்.

"அந்தக் கதவிலை கை வைக்க வேண்டாம் தம்பி."

கள்ளருக்குப் பயப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். அந்தக் கதவுக்கு மூன்று தாழ்ப்பாள்கள். மூன்றும் மூன்று காலங்களில் பூட்டப்பட்டவை. எந்தக் காலத்தில் எவருக்குப் பயந்து எது வந்தது என்பதை இங்கே விரிக்கத் தேவையில்லை. இரவில் நாய் குரைத்தால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சடக்கி இருந்த தலைமுறை நாங்கள். பத்து அங்குலத் துவாரத்தினூடாக எந்தக் கள்ளனும் வரமுடியாது என்று அம்மாவுக்கு விளக்கத் தொடங்கினேன். அவர் பதில் சொல்லவில்லை. ஓடாவியார்தான் கதவின் வெளிப்புறத்தைக் கையால் தடவிவிட்டு, "இதிலை ஏதோ விறாண்டி இருக்குதையா, ஆழமாய்க் கிடக்கு" என்றார்.

பிறகு நான் விளக்கத்தை நிறுத்திக்கொண்டேன்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி மாலை, ஒலிபெருக்கி அறிவித்தலின் பின்னர் வலிகாமம் முழுவதும் ஒரே வீதியில் இறங்கியது. செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்குப் போன அந்த இரவைப் பற்றி நான் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆண்டு நிறைவு தோறும் எழுதியிருக்கிறேன். இலட்சக்கணக்கான மக்கள், மழை, ஒரு பாலம், நகர முடியாத சைக்கிள்கள். வீமனைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை. வீமன் எமது அப்போதைய நாய். ஒழுங்கை முடியும்வரை எங்களுக்குப் பின்னால் வந்தது. அப்பா தடியைக் காட்டித் துரத்தினார். திரும்பிப் போய்ப் படலையடியில் நின்றது. இரண்டு மூன்று நாட்களில் வந்துவிடலாம் என்று நினைத்து ஒரு சட்டி சோறு வைத்திருந்தோம்.

புறப்படும்போது அம்மா சொன்னார், குசினிக் கதவைத் திறந்துவிடு, மழைக்கு அது உள்ளே கிடக்கட்டும் என்று. எனக்கு அப்போது 25 வயது. கலைப்பட்டமும் ஒரு நிருபர் அட்டையும் கையில் இருந்தன. உலகம் தெரிந்தவன் என்ற நினைப்பு. திறந்த வீட்டில் ஒன்றும் மிஞ்சாது என்று சொல்லிப் பூட்டியவன் நான்தான். திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்தின் கைக்குப் போன பின்னர் திரும்பி வந்தோம். முன்பக்கக் கதவு உடைக்கப்பட்டிருந்தது. வீட்டில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. நான் பூட்டிய பின்கதவு மட்டும் பூட்டியபடியே இருந்தது. அதன் கீழ்ப்பலகையில், வெளிப்புறத்தில், நகக் கீறல்கள். ஒன்றிரண்டல்ல. முதிரைப் பலகையில் அவ்வளவு ஆழமாக விறாண்டுவதற்கு எத்தனை இரவுகள் தேவைப்பட்டிருக்கும் என்று நினைக்க நான் விரும்பவில்லை. ஊரைவிட்டுப் போகாமல் இருந்துவிட்ட முதியவர் ஒருவர், இரண்டு கிழமைவரை நாயைக் கண்டதாகச் சொன்னார். அப்பா கதவுக்குப் பச்சை வர்ணம் பூசினார். அதன்மேல் பிற்காலத்தில் நான் மண்ணிற வர்ணம் பூசுவித்தேன். வர்ணம் கீறலை நிரப்புவதில்லை. இத்தனை ஆண்டுகளில் அம்மா இதுபற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. "வெட்டுறதெண்டால் சுவரிலை வெட்டுங்கோ" என்று ஓடாவியாரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே சுவரில் வெட்டினோம். பழைய சுண்ணக்கல் சுவர். ஓர் அடிக்கு மேல் தடிப்பு. மேசன் ஒரு பகல் முழுவதும் வெட்டினார். ஒரு கிழமைக்குக் குசினியில் எல்லாவற்றிலும் புழுதி. ஓடாவியார் உட்புறம் பலகைச் சட்டம் அடித்து, வாகனத்துக்குப் போடும் கறுப்பு றப்பர் விரிப்பை அளவாக வெட்டி மேலே ஆணியடித்துத் தொங்கவிட்டார்.

கதவுப் பலகையில் உள்ள துவாரம் என்றால் தலையை நீட்டியவுடன் வெளி தெரியும். தடித்த சுவரில் அது ஒரு குகை. நாய்க்கு இரண்டு மடங்கு சந்தேகம். முதலாம் நாளே நான் ஒரு பிழை செய்தேன். இரவு வேலைக்குப் போகவேண்டிய அவசரத்தில் றோசியைப் பின்னாலிருந்து தள்ளினேன். றப்பர் முதுகில் உரசியதும் அது அலறிக்கொண்டு பின்வாங்கியது. மூன்று நாட்கள் அந்தச் சுவர்ப் பக்கமே போகவில்லை. என்னையும் ஒரு மாதிரியாகவே பார்த்தது.

எட்வேட் தோண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் பூனைகளையும் நாய்களையும் கூண்டுகளில் அடைத்து, கயிற்றை இழுத்தோ கொளுக்கியைத் தள்ளியோ அவை எவ்வாறு வெளியேறக் கற்கின்றன என்று நேரத்தைக் குறித்துப் பார்த்தார். 1898 இல் முடிவுகளை வெளியிட்டார். விலங்கின் காலைப் பிடித்து அந்த வேலையைச் செய்வித்துக் காட்டினாலும் அதனால் அது கற்றுக்கொள்வதில்லை என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. தானே செய்து, செய்ததன் பலனைத் தானே அடையவேண்டும். பல்கலைக்கழகத்தில் படித்த விடயம். பரீட்சையில் எழுதியிருக்கவும் கூடும்.

றப்பரைக் கழற்றிவிட்டு மீண்டும் தொடங்கினோம். வெறும் துவாரம், அப்பால் பொரித்த சூடைமீன். முன்னங்கால்கள் இரண்டும் சுவருக்குள் போயின, பின்னங்கால்கள் குசினியில் நின்றன, கழுத்து ஆமைபோல நீண்டது. இரண்டாம் நாள் மீனை ஒரு முழம் தள்ளி வைத்தேன், கடந்துவிட்டது. வெறும் துவாரத்தில் நான்கு நாட்கள் பழகிய பின்னர் பழைய சாரம் ஒன்றைக் கிழித்து இரண்டு கீலங்களைத் தொங்கவிட்டேன். மேலே படும் பொருள் கடிக்காது என்று தெரிந்த பின்னர் சாரத்தை முழுதாக, பிறகு றப்பரைப் பாதியளவாக, கடைசியில் முழு அளவாக. ஏறக்குறைய மூன்று கிழமைகள்.

வெளியே போகக் கற்ற நாய் உள்ளே வரவும் கற்றுவிட்டது என்று நினைப்பது மனிதப் புத்தி. நாய்க்கு அவை இரண்டும் வெவ்வேறு பாடங்கள். அழகாக வெளியே போகும். பிறகு துவாரத்துக்குப் பக்கத்தில், அந்தப் பழைய கதவின் முன்னால் நின்று குரைக்கும். ஒருநாள் அதிகாலை நான் வந்தபோது முன்னங்காலைத் தூக்கிக் கதவின் கீழ்ப்பலகையில் வைத்தது. நான் ஓடிப்போய்த் திறந்துவிட்டேன். அவ்வாறு திறந்தால் ஒருபோதும் பழகாது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

உள்ளே வரப் பழக்கியது அம்மா. மீனும் காட்டவில்லை, அழைக்கவும் இல்லை. துவாரத்துக்கு நேரே பலகைக்கட்டையைப் போட்டு அமர்ந்து, கைத்தடியால் றப்பரை ஒரு சாண் உயர்த்திப் பிடித்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நாய் வெளியே நின்று பார்த்தது. கீரை ஆய்ந்து முடிவதற்குள் வந்துவிட்டது. மறுநாள் தடியைச் சற்றுத் தாழ்த்தினார். அதற்கடுத்த நாள் இன்னும் தாழ்த்தினார். ஐந்தாம் நாள் தடி தேவைப்படவில்லை.

இப்போது நான் வீடு திரும்பும்போது அம்மா பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருப்பார். மழை நாட்களில் துவாரத்திலிருந்து அவருடைய அறைவரை ஈரக் காற்சுவடுகள் இருக்கும். அயல்வீட்டுப் பூனை ஒன்றும் இந்த வசதியைக் கண்டுபிடித்து மீன் சட்டியை ஒருமுறை கவிழ்த்துவிட்டது. அதற்கு எவரும் பயிற்சி கொடுக்கவில்லை.

ஒரு விடுமுறை நாளில் அம்மா படுக்கப் போவதைக் கவனித்தேன். பின்கதவின் தாழ்ப்பாள்கள் மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டார். பிறகு குனிந்து, கைத்தடியின் நுனியால் றப்பரை வெளியே ஒருமுறையும் உள்ளே ஒருமுறையும் தள்ளிப் பார்த்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எங்கையும் பிடிச்சுக் கிடக்குதோ எண்டு பாக்கிறன்" என்றார்.